கிட்டியும் செட்டியாரும்

திராட்சையைப் பற்றி எழுதிக்கொண்டு வரும்படி ஆசிரியர் என்னை ஓடைப்பட்டிக்கு அனுப்பினார். நானும் போனேன். வயிறாரத் திராட்சை சாப்பிட்டேன். ஆனால் திரும்பி வரும்போது என் குறிப்புப் புத்தகத்தில் திராட்சையைப் பற்றி நாலே நாலு வரிதான் இருந்தது. மீதிப் பக்கங்களையெல்லாம் ஒரே ஒரு வார்த்தை பிடித்துக்கொண்டுவிட்டது. ஆசிரியர் கோபித்துக்கொள்ளாமல் இருப்பாராக!

தேனி ஜில்லாவில், சின்னமனூருக்கு அருகில், மேகமலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர் ஓடைப்பட்டி. விதையில்லாத் திராட்சைக்குப் பேர் போனது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். பந்தலுக்குள் குனிந்து நுழைந்துவிட்டால் வெயில் என்பதே மறந்துபோகும். தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பழம். காலடியில் ஈர மண். அப்படிப்பட்ட ஒரு பந்தலின் கீழே கயிற்றுக் கட்டிலைப் போட்டு என்னை உட்காரவைத்தார் ஒரு பெரியவர்.

"சாப்பிடுங்க தம்பி. எழுதறது பெறகு எழுதிக்கிடலாம்."

நான் இரண்டாவது கொத்தில் இருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வரப்போரம் நின்றது. கையில் பையுடன் ஓர் இளைஞர் இறங்கினார். பெரியவரின் மருமகள் மகளிர் குழுவில் வாங்கியிருந்த கடனுக்கு வாரத் தவணை வசூலிக்க வந்தவர். அந்த அம்மாள், "இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கங்க. காய் வெட்டினதும் சேத்துக் கட்டிப்புடுறேன்" என்று கெஞ்சினாள். இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அடுத்த தோட்டத்துக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அந்த அம்மாள் எங்கேயோ ஓடிப்போய்க் கைமாற்று வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போயிற்று.

பெரியவர் பெருமூச்சு விட்டார். "கிட்டி போட்டுல்ல வசூல் பண்றாங்கெ!" என்றார்.

பக்கத்தில் நின்ற பேரன் குதித்தான். "தாத்தா, கிட்டிப்புள்ளா?"

"அது வெளாட்டுக் கிட்டிடா. இது வேற கிட்டி."

"வேற கிட்டின்னா?"

பெரியவர் தலையைச் சொறிந்தார். "எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லும். கிட்டி போட்டுக் கேட்டான்னு. அது என்ன சாமானுன்னு நானும் கேக்கல, அதுவும் சொல்லல. தம்பி நாலு எழுத்துப் படிச்சவுக. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பந்தல் நிழலில், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சிறுவன் முகத்தைப் பார்த்தபடி அதைச் சொல்ல வாய் வரவில்லை. "விசாரித்து எழுதுகிறேன் ஐயா" என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பெரியவருக்குக் கொடுத்த வாக்கைத்தான் இந்த வாரம் நிறைவேற்றுகிறேன்.

* * *

கிட்டி என்பது இரண்டு கோல். ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருக்கும். நடுவே மனிதனுடைய விரல்களை வைத்து, மறு முனையைப் பிடித்து நெருக்குவார்கள். பாக்குவெட்டி பாக்கை நெருக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதன் அலறுவான். அலறிக்கொண்டே, இருக்கிற பாத்திரத்தை விற்றோ, பெண்சாதியின் தாலியை அடகு வைத்தோ பணம் தருவதாக ஒப்புக்கொள்வான்.

கிட்டிக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. அதன் பெயர் அண்ணாந்தாள். ஒரு கயிற்றை, அல்லது அவன் மேல்துண்டையே, கழுத்தில் போட்டுக் கால் கட்டைவிரலுக்கு அடியில் கொடுத்து இறுக்கிக் குனிந்தபடியே நிற்கவைப்பது. நிற்கிற இடம் பெரும்பாலும் வெயில். முதுகில் ஒரு கல்லை ஏற்றிவைத்தாலும் கேட்பாரில்லை.

இவையெல்லாம் கொள்ளைக்காரர்கள் செய்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நிலவரி வசூலிக்க வந்த சர்க்கார் சேவகர்கள் செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்தை ஆண்ட காலம் அது. மாகாணத்தின் பெரும் பகுதியில் ரயத்துவாரி முறை நடந்தது. அதாவது, குடியானவன் ஒவ்வொருவனும் தன் நிலத்துக்கான தீர்வையை நேராகச் சர்க்காருக்கே கட்டவேண்டும். தீர்வையோ அதிகம். விளைபொருளுக்கு விலையோ இல்லை. கிஸ்துத் தேதி வந்தால் தாசில்தாருடைய சேவகன் வாசலில் நிற்பான். வரி வசூலும் போலீஸ் அதிகாரமும் அந்தத் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. அடித்தவனைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அடிக்கச் சொன்னவரிடமேதான்!

இந்த விஷயம் ஊர் உலகம் முழுவதற்கும் தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் லண்டனில் இருந்த கம்பெனி டைரெக்டர்கள் மட்டுமே. அல்லது, தெரியாத மாதிரி இருந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியவைத்த மனிதர் ஒருவர் உண்டு. அவர் சென்னைப் பட்டணத்து வியாபாரி. பெயர் கஜுலு லக்ஷ்மிநரசு செட்டி. தெலுங்கில் கஜுலு என்றால் வளையல். இந்தப் பெயரை நேயர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? வெட்கப்பட வேண்டாம். சரித்திரப் பாடத்தில் பட்டம் வாங்கிய நானே கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன்.

* * *

லக்ஷ்மிநரசு செட்டியார் 1806-ல் பிறந்தார். தகப்பனார் சித்துலு செட்டியார், துணியும் அவுரி நீலமும் ஏற்றுமதி செய்த பெரிய வியாபாரி. பையன் பள்ளிக்கூடத்தை முடித்ததும் கடைக்கு வந்தான். வியாபாரத்தில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தான். பணம் சேர்ந்தது. இதோடு நின்றிருந்தால் சென்னையில் ஒரு வீதிக்குத் தம் பெயரை வைத்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கலாம்.

1844-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் அவர் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். ஆங்கிலப் பத்திரிகை. பெயர் 'கிரஸெண்ட்', பிறைச் சந்திரன் என்று பொருள். ஹார்லி என்கிற ஆங்கிலேயரை ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். சென்னையில் நம்மவர் ஒருவர் ஜனங்களின் குறையைச் சொல்வதற்கென்று சொந்தப் பணத்தைப் போட்டு நடத்திய முதல் பத்திரிகைகளில் இது முக்கியமானது. பத்திரிகை வரப்போகிறது என்ற விளம்பரத்தைக்கூட சர்க்கார் கெஜட்டில் போட மறுத்துவிட்டார்கள். பிறை முளைக்கும்போதே கிரகணம் பிடித்தது!

ஆரம்பத்தில் செட்டியாருடைய சண்டை பெரும்பாலும் மதமாற்றத்தைப் பற்றியது. சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பைபிளைப் பாடமாக்கும் யோசனையை எதிர்த்து 1846-ல் பெரிய கூட்டம் கூட்டினார். மதம் மாறியவனுக்கும் பூர்விகச் சொத்தில் பங்கு உண்டு என்று சட்டம் வந்தபோது அதையும் எதிர்த்தார். இந்தக் கடைசி விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்ததாக இன்று நம்மில் பலர் ஒப்புக்கொள்ள மாட்டோம். மனச்சாட்சிப்படி மதத்தை மாற்றிக்கொண்டவன் ஏன் சொத்தை இழக்கவேண்டும்? செட்டியார் தம் காலத்து மனிதர். தம் வகுப்பாருடைய பழைய பழக்க வழக்கங்களில் அழுத்தமான பற்று உள்ளவர். இதை மறைத்து அவருக்கு மாலை போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஆனால், பழமைப் பற்றோடு தொடங்கிய அந்த மனிதர் அங்கேயே நின்றுவிடவில்லை. பத்திரிகை நடத்தினால் கடிதம் வரும். கடிதம் வந்தால் ஊர்ச் சங்கதி தெரியும். பட்டணத்து மாடி வீட்டில் இருந்தவருக்குப் பட்டிக்காட்டுக் குடியானவனின் விரல் நொறுங்கும் ஓசை மெல்ல மெல்லக் கேட்க ஆரம்பித்தது.

* * *

இந்த இடத்தில் கொஞ்சம் கடல் தாண்டி அமெரிக்காவுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், சீக்கிரமே திரும்பிவிடுவோம்.

'கிரஸெண்ட்' பிறந்த அதே 1844-ல் வாஷிங்டன் நகரத்தில் ஒரு கிழவர் ஒரு பெரிய வழக்கை ஜெயித்தார். அவர் பெயர் ஜான் குயின்ஸி ஆடம்ஸ். 1825-லிருந்து 1829 வரை அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்தவர். ஜனாதிபதி பதவி போன பிறகு எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து சுயசரிதை எழுதுவார்கள். இவரோ 1831-ல் சாதாரண அங்கத்தினராகக் காங்கிரஸ் சபைக்குள் நுழைந்தார்.

அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று அமெரிக்க ஜனங்கள் அப்போது மனு மேல் மனுவாக எழுதிக் காங்கிரஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடிமைகளை வைத்திருந்த தென்னாட்டு அங்கத்தினர்களுக்கு அது பிடிக்கவில்லை. அப்படிப்பட்ட மனுக்களைப் படிக்காமலே ஒதுக்கிவைத்துவிட வேண்டும் என்று 1836-ல் சபையில் தீர்மானம் செய்துவிட்டார்கள். வாய்ப்பூட்டு விதி என்று அதற்குப் பெயர் வந்தது. ஆடம்ஸ் விடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்திருப்பார். மனுவை எடுப்பார். "உட்காரும்!" என்று கூச்சல் எழும். மறுநாள் மறுபடியும் எழுந்திருப்பார். எட்டு வருஷம் இப்படியே போராடி, 1844 டிசம்பரில் அந்த விதியை ரத்துச் செய்யவைத்தார். 1848-ல் சபையிலேயே, தம் ஆசனத்திலேயே மயங்கி விழுந்து, அதே கட்டடத்தில் உயிர் விட்டார்.

ஆடம்ஸுக்கு ஆசனம் இருந்தது. அவரை அனுப்பிவைத்த வாக்காளர்கள் இருந்தார்கள். ஜனங்களின் மனுவைப் படிக்கத்தான் விடவில்லை. நம்முடைய செட்டியாருக்கோ ஆசனமும் இல்லை, வாக்காளரும் இல்லை. சென்னையில் அப்போது சட்டசபையே கிடையாது. மனுவைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய சபையும் ஏழு கடலுக்கு அப்பால், லண்டனில் இருந்தது. ஆனால் மனு என்கிற காகிதத்துக்கு ஒரு மகிமை உண்டு என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே நம்பிக்கை.

* * *

1852 பிப்ரவரியில் செட்டியாரும் நண்பர்களும் சேர்ந்து 'சென்னைச் சுதேசிகள் சங்கம்' என்று சொல்லத்தக்க ஒரு சங்கத்தை ஏற்படுத்தினார்கள். தென்னாட்டில் நம்மவர் அமைத்த முதல் அரசியல் சங்கம் அதுதான். காங்கிரஸ் மகாசபை தோன்ற இன்னும் முப்பத்து மூன்று வருஷம் இருந்தது.

சந்தர்ப்பமும் வாய்த்தது. கம்பெனியாருடைய ஆட்சி உரிமையைப் புதுப்பிப்பதா என்று 1853-ல் பார்லிமெண்டு யோசிக்க வேண்டியிருந்தது. 1852 டிசம்பரில் சங்கத்தார் ஒரு நீண்ட மனு தயாரித்தார்கள். தீர்வைப் பளு, கோர்ட்டுகளில் தாமதம், கல்விக்குப் பணம் ஒதுக்காதது, ரோடும் பாலமும் நீர்ப்பாசன வேலையும் இல்லாதது, எல்லாவற்றுக்கும் மேலாக வரி வசூலில் நடக்கும் சித்திரவதை – எல்லாம் அதில் இருந்தன. நீர்ப்பாசனம் என்றதும் கம்பம் பள்ளத்தாக்கு நேயர்களுக்கு ஒன்று நினைவு வரும். அந்த மனு கப்பலேறியபோது பெரியாற்றுத் தண்ணீர் முழுவதும் மேற்கே ஓடிக் கடலில்தான் விழுந்துகொண்டிருந்தது. அணை கட்டி அதைக் கிழக்கே திருப்புவதற்கு 1895 ஆகவேண்டியிருந்தது.

மனுவைப் படித்தவர்களில் ஹென்றி டான்பி ஸீமூர் என்கிற பார்லிமெண்டு அங்கத்தினர் ஒருவர். இந்தியச் சீர்திருத்தத்துக்காக லண்டனில் ஏற்பட்ட ஒரு சங்கத்தின் தலைவர். "எழுதியிருப்பது நிஜமா என்று நேரிலேயே பார்த்துவிடுகிறேன்" என்று 1853-ல் கப்பலேறிச் சென்னைக்கு வந்துவிட்டார். செட்டியார் அவரை விருந்தினராக ஏற்று உபசரித்தார். உபசாரம் என்றால் சதிர்க் கச்சேரியும் அத்தர் பன்னீரும் மட்டுமல்ல. கிராமங்களுக்கு அழைத்துப்போக ஏற்பாடு செய்தார். ஸீமூர் துரை பல ஜில்லாக்களைச் சுற்றினார். குடியானவர்களைப் பார்த்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

1854 ஜூலையில் பார்லிமெண்டில் அவர் எழுந்து, சென்னை மாகாணத்தில் வரிக்காகக் குடியானவர்கள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள் என்று பேசினார். சபையில் ஒரே பரபரப்பு. கம்பெனித் தரப்பார் மறுத்தார்கள். "அபாண்டம்!" என்றார்கள். ஆனால் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவனிடம் வாதாடுவது கஷ்டம் அல்லவா? விசாரிக்கச் சொல்லிச் சென்னைக்கு உத்தரவு போயிற்று.

* * *

எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூன்று ஆங்கிலேயர்களைக் கொண்ட விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. புகார் உள்ளவர்கள் நேரில் வரலாம் அல்லது எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். கெடு மூன்றே மாதம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தெற்கே ரயில் என்பதே 1856-ல்தான் ஓட ஆரம்பித்தது. ஓடைப்பட்டியிலிருந்து சென்னை சுமார் ஐந்நூறு கிலோ மீட்டர். மாட்டு வண்டி, இல்லாவிட்டால் கால்நடை. ஒரு குடியானவன் நிலத்தைப் போட்டுவிட்டு, கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு, துரைமார் முன்னால் போய் நின்று, தாசில்தாருக்கு எதிராக வாய் திறக்க வேண்டும். சாட்சி சொல்லிவிட்டு அதே தாசில்தாருடைய தாலுகாவுக்குத்தான் திரும்பிவந்து வாழவும் வேண்டும். யார் போவார்கள்?

போனார்கள். நேரில் வந்து சொன்னவர்கள் 519 பேர். எழுதி அனுப்பியவர்கள் 1,440 பேர். ஆக மொத்தம் 1,959 புகார்கள்.

அந்த 1,440 கடிதங்களை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது. எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவனைத் தேடிப் பிடித்திருப்பான். திண்ணையில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, தன் அவமானத்தையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியிருப்பான். எழுதுகிறவன் இடையில் நிறுத்தி ஒரு முறையாவது கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கமாட்டானா?

1855-ல் கமிஷன் அறிக்கை வெளிவந்தது. சித்திரவதை நடப்பது உண்மைதான் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். நம்முடைய கிட்டியும் அண்ணாந்தாளும் அப்படியே, அதே தமிழ்ப் பெயரோடு, இங்கிலீஷ் எழுத்தில் அந்த அறிக்கையில் ஏறின. எத்தனையோ தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றன: கட்டுமரம் போயிற்று, மிளகுதண்ணீர் போயிற்று. இந்த இரண்டு சொற்கள் போனதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

கமிஷனர்களை எல்லாவற்றையும்விட அதிகமாக வருத்திய விஷயம் என்ன தெரியுமா? அடிபட்டவன் பரிகாரம் தேட வழியே இல்லாமல் தவித்தானே, அதுதான் என்று எழுதியிருக்கிறார்கள். கலெக்டரைப் பார்க்க நாள் கணக்கில் நடக்கவேண்டும். தபாலில் மனு அனுப்பினால், "தாசில்தாரிடம் சொல்லிக்கொள்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் பழியையெல்லாம் கீழ்ச்சிப்பந்திகளான நம்மவர் தலையில் போட்டுவிட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இதில் சம்பந்தம் இல்லை என்றும் அறிக்கை சொல்லிவிட்டது. கிட்டியை நெருக்கிய கை நம்மவன் கைதான். சந்தேகம் இல்லை. ஆனால் நெருக்கி எடுத்த பணம் எந்தப் பெட்டிக்குப் போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் கார்ல் மார்க்ஸ். 1857 செப்டம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை வைத்துக்கொண்டு கம்பெனி ஆட்சியைப் பிய்த்து எறிந்தார். சென்னையில் ஒரு வியாபாரி போட்ட மனு அமெரிக்கா வரையில் எதிரொலித்தது!

பலனும் இல்லாமல் போகவில்லை. 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூலிப்பவர் கையிலிருந்து போலீஸ் அதிகாரம் பிரிந்தது. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் குற்றவாளிக்கு எதிராக ரூபிக்கக்கூடாது என்ற விதி 1861-ல் சட்டத்தில் ஏறியது. 1872 சாட்சியச் சட்டத்திலும் இருந்தது. 2024-ல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே, சினிமாவில் வக்கீல், "யுவர் ஆனர், இது போலீஸார் அடித்து வாங்கிய வாக்குமூலம்!" என்று மேஜையைத் தட்டும்போதெல்லாம், திரைக்குப் பின்னால் அந்த 1,959 பேரும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக அடி நின்றுவிட்டது என்று சொல்ல நான் துணியமாட்டேன். பத்திரிகை படிக்கும் நேயர்களுக்கு அது தெரியும். ஆனால் அடித்தால் அது குற்றம் என்று ஆயிற்று.

* * *

செட்டியார் கதையில் இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி இருக்கிறது. கம்பெனி ஆட்சியை நீக்கிவிட்டு, இங்கிலாந்து ராணியின் சர்க்காரே நேராக ஆளவேண்டும் என்று சங்கத்தார் வற்புறுத்திவந்தார்கள். 1858-ல் அதுவும் நடந்தது. 1861 சட்டப்படி சென்னைக்கு ஒரு சட்டசபை கிடைத்தது. அதில் முதல் இந்திய அங்கத்தினராக வக்கீல் வி. சடகோபாசார்லு நியமிக்கப்பட்டார். அவர் காலமானதும், 1863-ல், லக்ஷ்மிநரசு செட்டியார் நியமனம் பெற்றார். அரசாங்கம் நட்சத்திரப் பட்டமும் கொடுத்துக் கௌரவித்தது.

ஒரு காலத்தில் எவருடைய பத்திரிகை விளம்பரத்தைப் போட மறுத்தார்களோ, அவருக்கே சட்டசபையில் நாற்காலி! கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்யலாம்? எதிரில் வைத்த மசோதாவைப் பற்றிப் பேசலாம். அவ்வளவுதான். வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. சர்க்காரை ஒரு கேள்வி கேட்கக்கூடாது. கேள்வி கேட்கும் உரிமை 1892 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. கவர்னர் கூப்பிட்டால் போகவேண்டும். இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் கூப்பிட்டால் மறுபடியும் போகவேண்டும்.

இதைத்தான் நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். செட்டியாருடைய வாழ்க்கையில் பெரிய காரியங்கள் எல்லாம் நாற்காலி கிடைப்பதற்கு முன்பே நடந்துவிட்டன. பத்திரிகை, சங்கம், மனு, ஸீமூர் துரையின் சுற்றுப்பிரயாணம் எல்லாமே. ஒருவரும் அவருக்கு வோட்டுப் போடவில்லை. ஒருவரும் அவரைப் பிரதிநிதி என்று அழைக்கவில்லை. ஆனால் விரல் நசுங்கிய குடியானவனுக்கு அந்த நாளில் யாராவது ஒரு பிரதிநிதி இருந்தார் என்றால், அவர் இவர்தான்.

அதற்கு அவர் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை பணத்தைத் தின்றது. சங்கம் பணத்தைத் தின்றது. பொதுக் காரியத்துக்கு என்று கையை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தார். தகப்பனாரும் தாமும் சம்பாதித்ததெல்லாம் கரைந்தது. 1868-ல் லக்ஷ்மிநரசு செட்டியார் காலமானபோது அவர் ஏழை. பொது வாழ்க்கைக்கு ஏழையாக வந்து பணக்காரராகப் போகிறவர்களைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். எதிர்த் திசையில் பிரயாணம் செய்த இந்த ஒருவரையும் தெரிந்துவைத்துக்கொள்வோம். பதினாறு வருஷம் கழித்து, 1884-ல், சென்னை மகாஜன சபை தோன்றியது. மறு வருஷம் காங்கிரஸ் பிறந்தது. அவற்றுக்கெல்லாம் பாதை வெட்டிய மனிதரை ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.

ஆனால் பாருங்கள் விந்தையை! கிட்டியை மறக்கவில்லை. கோல் போய்விட்டது, சேவகன் போய்விட்டான், கம்பெனியும் போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் ஓர் அப்பத்தாவின் வாயிலிருந்து ஒரு பேரன் வாய்க்கு வந்து, மேகமலை அடிவாரத்தில் ஒரு திராட்சைப் பந்தலின் கீழே உயிரோடு இருக்கிறது. பட்ட வேதனையை ஜனங்களின் பாஷை மறப்பதில்லை போலும். துடைத்த கையைத்தான் மறந்துவிடுகிறது.

* * *

நேற்று ராத்திரி பெரியவருக்கு டெலிபோன் செய்தேன். இந்தக் கதையையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பேரனும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்; நடு நடுவே "அப்புறம்?" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

முழுவதையும் கேட்டுவிட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, அந்தச் செட்டியாரு எந்தத் தொகுதி எம்.எல்.ஏ.?" என்று கேட்டார்.

"தொகுதியெல்லாம் கிடையாது ஐயா. அவருக்கு யாரும் வோட்டுப் போடவில்லை."

"ஓட்டே போடாம நமக்காக அம்புட்டுத் தூரம் கப்பல்ல மனுப் போட்டுருக்காரு!"

"ஆமாம்."

"அப்பச் சரி. நம்மகிட்ட ஓட்டு வாங்கிட்டுப் போனவுக கிட்டக்கத்தான இருக்காக. கடன்காரவுக வந்து வரப்புல உக்காந்துக்கிடறதப் பத்தி ஒரு மனு எழுதணும். மருமக சொல்லுது, கொழுவுல பத்துப் பேரு கையெழுத்துப் போடுறாங்களாம். நீங்க அடுத்த தடவ வர்றப்ப எழுதித் தாரீங்களா?"

ஆசிரியர் அவர்களே! திராட்சைக் கட்டுரை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆகையால் மறுபடியும் ஒரு முறை ஓடைப்பட்டிக்குப் போய்வர அனுமதி கோருகிறேன். இதையே என் மனுவாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.